‘ஒன்றும் தெரியவில்லை’ என்றால் என்ன அர்த்தம்? கால்நடைத் தோல் நோய்ப் பரிசோதனைகள்

“இருக்கிற புண்ணையே ஏன் டாக்டர் இன்னும் சுரண்டுறீங்க? ரத்தம் வருதே!”

நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இப்படிப் பதறுவது எனக்குப் பழகிவிட்டது. பிளேடால் தோலைச் சுரண்டும்போது ரத்தம் தவறிப்போய் வருவதில்லை. வரட்டும் என்றுதான் சுரண்டுகிறோம். தேடுகிற பூச்சி மயிர்க்காலின் அடியில் குடியிருக்கிறது. ரத்தம் பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்க்கும் ஆழம்வரை போனால்தான் அது அகப்படும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி பதற்றம் குறையும். சொல்ல மறந்துவிடுகிறோம்.

தோல் நோய்க்கு எதற்குப் பரிசோதனை, கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல நேரம் தெரியாது. தோலுக்குத் தன் வேதனையைக் காட்டத் தெரிந்த வழிகள் மிகக் குறைவு. சிவக்கும், முடி கொட்டும், பொடுகு உதிரும், பொருக்குத் தட்டும், நாள்பட்டால் தடித்துக் கறுத்து யானைத்தோல் போல ஆகும். பூச்சி வந்தாலும் இதுதான், பூஞ்சை வந்தாலும் இதுதான், ஒவ்வாமையோ ஹார்மோன் கோளாறோ வந்தாலும் ஏறக்குறைய இதுதான். போதாததற்கு நாயே சொறிந்தும் கடித்தும் நோயின் முதல் அடையாளத்தை அழித்துவிடும். நம் ஊரில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சொறி. ஒரே பெயர் என்பதால் ஒரே வைத்தியம்: வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மனிதர் களிம்பு. நாய் நக்கும் பிராணி. பூசிய ஆயில் அதன் வயிற்றுக்குத்தான் போகும். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும். அடியில் இருப்பது பூஞ்சை என்றால் அது நிம்மதியாகப் பரவும்.

பரிசோதனை எதுவானாலும், அது ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். “இந்த நாய்க்கு என்ன நோய்?” என்று எந்த ஸ்லைடையும் கேட்க முடியாது. “இந்த இடத்தில் டெமோடெக்ஸ் பூச்சி இருக்கிறதா?” என்று கேட்கலாம். இன்னொன்று, ‘இல்லை’ என்று வரும் முடிவுக்கு எல்லாப் பரிசோதனையிலும் ஒரே எடை கிடையாது. சிலவற்றில் அந்த ‘இல்லை’யை நம்பி வீட்டுக்குப் போகலாம். சிலவற்றில் அது வெறும் ‘இன்று கண்ணில் படவில்லை’தான்.

பிளேடும் லிக்விட் பாரபினும்

சுரண்டல் சோதனைக்கு வேண்டியவை ஒரு மழுங்கிய அறுவை பிளேடு, சில சொட்டு லிக்விட் பாரபின், ஒரு ஸ்லைடு, ஒரு மைக்ரோஸ்கோப். பத்து நிமிட வேலை. ஆனால் எந்தப் பூச்சியைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சுரண்டும் விதமே மாறிவிடும்.

டெமோடெக்ஸ் சுருட்டு போல நீளமாக, முன்பாதியில் எட்டுக் குட்டைக் கால்களுடன் இருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பிறந்த முதல் சில நாட்களில் பால் குடிக்கும்போதே தாயின் தோலிலிருந்து குட்டிக்கு ஏறிவிடும். ஆரோக்கியமான நாய்களிலும் நாலைந்து சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கும். எதிர்ப்புச் சக்தி தளரும்போது பெருகி, கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்கால்களிலும் முடியைக் கொட்ட வைக்கும். இதற்காகத் தோலை இரு விரலால் அழுத்திப் பிதுக்கி, பூச்சியை மேலே தள்ளி, ஒரே சிறு இடத்தில் ஆழமாகச் சுரண்டுகிறோம். கண்ணோரம், விரலிடுக்கு போன்ற பிளேடு ஓட்ட முடியாத இடங்களில் பத்திருபது முடியை வேரோடு பிடுங்கி, வேரைப் பார்த்தாலும் போதும். இரண்டு மூன்று இடத்தில் ஒழுங்காகச் சுரண்டியும் டெமோடெக்ஸ் இல்லை என்றால் பெரும்பாலும் இல்லைதான். அந்த ‘இல்லை’யை நம்பலாம். தோல் மிகத் தடித்துப்போன பாதம், மடிப்பு மடிப்பாகத் தோல் உள்ள ஷார்பெய் போன்ற இனம், இவை மட்டும் விதிவிலக்கு.

சார்காப்டிஸ் என்ற இன்னொரு பூச்சியின் கதை நேர் எதிர். இதுதான் உண்மையான சொறி, தாங்க முடியாத அரிப்பு. காது மடலின் ஓரம், முழங்கை, கணுக்கால், அடிவயிறு என்று முடி குறைந்த இடங்களைத் தேடிப் போகும். இது தோலின் மேலடுக்கில் சுரங்கம் வெட்டி வாழ்வதால் ஆழம் தேவையில்லை, பரப்புத்தான் வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு, ஐந்தாறு இடங்களில் மேலோட்டமாகச் சுரண்ட வேண்டும். அப்படிச் சுரண்டியும் பல நாய்களில் ஒன்றுகூடச் சிக்காது. உடம்பு முழுக்க அரிக்க நாலைந்து பூச்சியே போதும். அரிப்பு பூச்சியின் எண்ணிக்கையால் வருவதல்ல, அதன் மேல் உடம்பு கொள்ளும் ஒவ்வாமையால் வருவது. ஆகவே ஒரு பூச்சி, ஒரு முட்டை, ஏன், அது போட்ட பழுப்பு நிற எச்சம் ஒன்று தெரிந்தாலும் முடிவு உறுதி. ஒன்றும் தெரியாவிட்டால் எதுவும் உறுதியில்லை. காது மடலின் நுனியை மடித்துத் தேய்க்கும்போது நாய் தன்னையறியாமல் பின்னங்காலை ஆட்டுகிறதா, வீட்டில் யாருக்காவது கையிலும் வயிற்றிலும் சிவந்த பருக்கள் வந்து அரிக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் வலுத்தால் மருந்து கொடுத்தே பார்த்துவிடுவோம். மூன்று நான்கு வாரத்தில் அரிப்பு அடங்கினால் அதுவே விடை. மருந்தும் ஒரு பரிசோதனைதான்.

இந்தப் பூச்சிக்கு மருத்துவ வரலாற்றிலேயே தனி இடம் உண்டு. இத்தாலியைச் சேர்ந்த பொனோமோ என்ற மருத்துவர் 1687இல், மனிதரின் சொறிக்குக் காரணம் இந்தச் சிறு உயிர்தான் என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, படம் வரைந்து, பிரான்செஸ்கோ ரெடி என்ற அறிஞருக்குக் கடிதமாக எழுதினார். உடம்பின் உள்நீர்கள் கெடுவதால்தான் சொறி வருகிறது என்ற பழைய நம்பிக்கை அதற்குப் பிறகும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. அதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றினால், “ரத்தம் கெட்டுப்போச்சு, அதான் சொறி” என்று நாய்க்காரர்கள் இன்றும் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பூச்சிக்கும் சேர்த்துக் கேட்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. எதற்குச் சுரண்ட வேண்டும், மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டெமோடெக்ஸ் என்றால் மனிதருக்குத் தொற்றாது, ஆனால் எதிர்ப்புச் சக்தி ஏன் தளர்ந்தது என்று, முக்கியமாக வயதான நாயில், தோண்டிப் பார்க்க வேண்டும். சார்காப்டிஸ் என்றால் அந்த வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் மருந்து வேண்டும். பெயர் தெரியாமல் கொடுக்கும் மாத்திரை இந்த இரண்டையும் சொல்லாது.

தெள்ளுப்பூச்சிக்கு மைக்ரோஸ்கோப்கூட வேண்டாம். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாலடி முதுகை வாரி, உதிரும் கறுப்புத் தூளை நனைத்த வெள்ளை டிஷ்யூவில் போடுங்கள். மண்ணாக இருந்தால் அப்படியே இருக்கும். தெள்ளின் எச்சமானால் செம்பழுப்பு வளையம் விரியும். அது குடித்த ரத்தம்தானே. இதை நீங்களே வீட்டில் செய்யலாம்.

ஒட்டு, சாயம், ஒரு சொட்டு எண்ணெய்

தோல் மருத்துவத்தில் எனக்கு ஒரே ஒரு பரிசோதனைதான் அனுமதி என்றால் செல் பரிசோதனையைத்தான் எடுத்துக்கொள்வேன். கசியும் புண்ணின் மேல் ஸ்லைடை நேராக ஒற்றி எடுக்கிறோம். காது என்றால் பஞ்சுக்குச்சியால் துடைத்து உருட்டுகிறோம். விரலிடுக்கு, மடிப்பு என்றால் தெளிவான செல்லோடேப்பை ஒட்டி உரிக்கிறோம். பிறகு சாயம். மூன்று சிறு ஜாடிகளில் மாற்றி மாற்றி முக்கி, கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால் தோலின் மேல் நடக்கும் சண்டை அப்படியே தெரியும். டேப்பை மட்டும் முதல் ஜாடியில் முக்கக் கூடாது. அதிலுள்ள ஆல்கஹால் பசையைக் கெடுத்துவிடும்.

நீல மணிகளாக உருண்டைப் பாக்டீரியா கொத்துக் கொத்தாகக் கிடந்து, அவற்றை வெள்ளணுக்கள் விழுங்கிக்கொண்டிருந்தால் அது உண்மையான தொற்று. நாய்த்தோலில் இந்த உருண்டைகள் பெரும்பாலும் ஸ்டபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். பாக்டீரியா மட்டும் அங்கங்கே கிடந்து வெள்ளணுக்கள் இல்லையென்றால் அது தோலில் எப்போதும் வாழும் கூட்டமாகவும் இருக்கலாம். காதில் உருண்டைக்குப் பதில் குச்சி வடிவப் பாக்டீரியா தெரிந்தால் எனக்கு வேறு கவலை. சூடோமோனாஸாக இருந்தால் சாதாரணச் சொட்டு மருந்துக்கு அது மசியாது. செருப்புத் தடம் போல, அல்லது உரிக்காத நிலக்கடலை போல, நடுவில் இடுங்கிய ஊதா வடிவங்கள் தெரிந்தால் அது மலசீசியா என்ற ஈஸ்ட். ஈரவாடையும் எண்ணெய்ப் பிசுக்குமாக வருகிற நாய்களில், நம் ஊரில் மழைக்காலம் வந்துவிட்டால், இதைப் பார்க்காத வாரம் இல்லை. ஆரோக்கியமான தோலிலும் ஒன்றிரண்டு இருக்கும் என்பதால் இங்கே எண்ணிக்கையும் அறிகுறியும் சேர்ந்துதான் பேச வேண்டும்.

அரிதாக இன்னொன்று தெரியும். சீழ்க்கொப்புளத்தை உடைத்து ஒற்றிய ஸ்லைடில் பாக்டீரியாவே இல்லை. வெள்ளணுக்களுக்கு நடுவே தட்டில் கவிழ்த்த ஆஃப்பாயில் போல வட்டமான செல்கள், நடுவில் கரு. தோலின் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசையை நாயின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி, செல்கள் கழன்று மிதக்கின்றன. பெம்ஃபிகஸ் என்ற நோயோ என்று சந்தேகிக்க வேண்டிய இடம் இது. பார்வைக்கு இது பாக்டீரியாச் சீழ் போலவேதான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும், மற்றதில் அதே மருந்து தொற்றைப் பெருக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஐந்து நிமிட ஸ்லைடு கோடிகாட்டிவிடுகிறது.

கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது, எப்போது? முதல் நாளே வேண்டாம். ஸ்லைடில் பாக்டீரியா தெரிகிறது, சரியான ஆண்டிபயாடிக் சரியான அளவில் கொடுத்தும் அடங்கவில்லை, அல்லது குச்சிப் பாக்டீரியா தெரிகிறது என்றால் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். உடையாத கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் குத்தி எடுத்த சீழே சிறந்த மாதிரி. திறந்த புண்ணைத் துடைத்து அனுப்பினால் தெருவில் உள்ளதெல்லாம் வளரும். காதுக்கு மட்டும் ஒரு நெளிவு இருக்கிறது. எந்த மருந்து கேட்கும், கேட்காது என்ற பட்டியல், ஊசியோ மாத்திரையோ போட்டால் ரத்தத்தில் கிடைக்கும் அளவை வைத்துக் கணக்கிட்டது. காதில் நேரடியாகச் சொட்டு விடும்போது மருந்தின் செறிவு அதைவிடப் பல மடங்கு. ஆகவே பட்டியலில் ‘கேட்காது’ என்றிருக்கும் மருந்தும் சொட்டாக விட்டால் கேட்கலாம்.

நீல விளக்கும் மஞ்சள் ஜாடியும்

படர்தாமரை பூஞ்சையால் வருவது. பூனையிலிருந்தும் நாய்க்குட்டியிலிருந்தும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்பதால் இதில் தவறக் கூடாது. வுட்ஸ் விளக்கு என்ற புறஊதாக்கதிர் விளக்கை இருட்டறையில் பிடித்தால் நோயுற்ற முடி பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கண்ணாடி வடிகட்டியின் வாரிசு இது. 1925 வாக்கில் பிரான்சில் தலைமுடிப் படர்தாமரைக்குப் பயன்பட ஆரம்பித்தது. அழகான பரிசோதனை. பார்ப்பவர் வாயடைத்துப் போவார். ஆனால் கால்நடைகளில் வழக்கமாகக் காணும் பூஞ்சைகளில் மைக்ரோஸ்போரம் கேனிஸ் மட்டுமே மின்னும், அதிலும் எல்லாமே மின்னுவதில்லை. ட்ரைக்கோஃபைட்டான் மின்னவே மின்னாது. கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் பூத்த பொருக்கு வட்டமாக வருமே, அது ட்ரைக்கோஃபைட்டான் வகைதான். அதன் மேல் விளக்கைப் பிடித்துவிட்டு ஒன்றுமில்லை என்பது, டார்ச் அடித்துக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி. மறுபக்கம், பொடுகும் துணிநூலும் பூசிய களிம்பும்கூட ஒளிரும். முடியின் தண்டு முழுக்க உறை போட்டது போல மின்னினால் மட்டுமே கணக்கு.

மின்னும் முடியைப் பிடுங்கிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் கெரட்டின் கரைந்து தெளிவாகி, முடியைச் சுற்றி மணி மணியாகப் பூஞ்சை வித்துகள் தெரியும். அதுவும் தெரியாவிட்டால் கல்ச்சர். டி.டி.எம். என்ற, பூஞ்சை வளர்க்கும் மஞ்சள் ஊடகத்தில் முடியையும் பொருக்கையும் வைக்கிறோம். படர்தாமரைப் பூஞ்சை முதலில் புரதத்தைத் தின்னும். அப்போது வெளிவரும் காரப்பொருள் ஊடகத்தைச் சிவப்பாக்கும். காற்றில் மிதந்து வந்து விழுந்த சாதாரணப் பூஞ்சை முதலில் சர்க்கரையைத் தின்றுவிட்டு, தீர்ந்த பிறகே புரதத்துக்கு வரும். அதனால் அதுவும் கடைசியில் சிவப்பாக்கும், ஆனால் தாமதமாக. வெள்ளைப் பஞ்சு போல வளர்ச்சி தோன்றும்போதே சிவப்பும் சேர்ந்து வந்தால் நம் ஆள் என்று சந்தேகிக்கலாம். கறுப்போ பச்சையோ வளர்ந்து, பத்து நாள் கழித்துச் சிவந்தால் அது ரொட்டியில் பூக்கும் வகை. ஆகவே ஜாடியைத் தினமும் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் ஷெல்ஃபில் மறந்துவிட்டு ஒரு நாள் எடுத்துப் பார்த்து “சிவப்பா இருக்கு, படர்தாமரை” என்பது வெறும் ஊகம். கடைசியில் வளர்ந்ததை டேப்பில் ஒற்றி மைக்ரோஸ்கோப்பில் வித்தைப் பார்த்தே பெயர் சொல்ல வேண்டும்.

புண்ணே இல்லாமல் பூஞ்சையைச் சுமந்து திரியும் பூனைகளுக்கு ஒரு எளிய உத்தி இருக்கிறது. கடையில் வாங்கிய புதுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் உடம்பு முழுக்க இரண்டு மூன்று நிமிடம் வாரி, பிரஷ்ஷை ஊடகத்தில் குத்தி எடுக்கிறோம்.

சதைத் துண்டும், விலை உயர்ந்த ரத்தப் பரிசோதனையும்

பயாப்சி என்றதும் புற்றுநோயா என்று முகம் வெளிறுகிறது. பெரும்பாலும் அதற்காக அல்ல. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டர் அகலக் குழல் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் தோலை எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்புகிறோம். இதில் எல்லோரும் செய்யும் பிழை, எடுக்கும் முன் அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துப் பளிச்சென்று ஆக்குவது. விடை பல நேரம் அந்தப் பொருக்கில்தான் இருக்கும். மற்ற அறுவைக்குச் சுத்தம் கடவுள், இங்கே கெடுதி. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாயில் நோயின் அடையாளங்கள் மங்கிவிடும். முடிந்தால் இரண்டு மூன்று வாரம் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். நாள்பட்டு வேலை செய்யும் ஊசி போட்டிருந்தால் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். சின்ன கிளினிக்கில் இதை எடுக்க மட்டுமே முடியும். படிப்பதற்கு நோய்க்குறியியல் தெரிந்த ஆய்வகம் வேண்டும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் அந்தத் துறை உண்டு.

அடுத்தது நிறையப் பேர் பணம் கொட்டும் இடம். ரத்தத்தில் ஒவ்வாமைப் பரிசோதனை. பக்கம் பக்கமாகப் பட்டியல் வரும்: வீட்டுத்தூசிப் பூச்சிக்கு உண்டு, புல்லுக்கு உண்டு, கரப்பான்பூச்சிக்கு உண்டு. ஆனால் ‘உண்டு’ என்ற இந்த முடிவை வைத்து நாய்க்கு ஒவ்வாமைத் தோல் நோய் என்று தீர்மானிக்க முடியாது. அரிப்பே இல்லாத நாய்க்கும் ‘உண்டு’ என்று வரலாம். அட்டோப்பி எனும் ஒவ்வாமைத் தோல் நோயைத் தீர்மானிப்பது பரிசோதனையால் அல்ல, விலக்குவதால். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை, தொற்று அடங்கிய பிறகும் அரிக்கிறது, ஆரம்பித்த வயது, அரிக்கும் இடங்கள் எல்லாம் பொருந்துகின்றன என்று ஒவ்வொன்றாகக் கழித்து வந்து சேர்கிற முடிவு அது. அதன் பிறகு, எந்தப் பொருளுக்கு எதிராகத் தடுப்பூசி போன்ற சிகிச்சை தயாரிப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டுமே அந்தப் பட்டியல் உதவும்.

உணவு ஒவ்வாமைக்கோ ரத்தம், முடி, எச்சில் எதைக் கொடுத்தும் பயனில்லை. ஒரே வழி, நாய் இதுவரை தொடாத ஒரு புரதம் அல்லது அதற்கென்றே தயாரித்த சிறப்புத் தீவனம், எட்டு வாரம், வேறு எதுவும் கிடையாது. குணமானால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அரிப்பு திரும்பினால்தான் உறுதி. எட்டு வாரம் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நான்காவது வாரம் விசாரித்தால், பாட்டி தினமும் காலையில் காபியோடு தனக்கு எடுத்துக்கொள்ளும் பிஸ்கட்டில் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருப்பார். “ஒண்ணுதானே தம்பி!” எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து.

அரிப்பே இல்லாமல் இரு விலாவிலும் ஒரே சீராக முடி கொட்டினால் தைராய்டு, அட்ரீனல் ஹார்மோன்களைப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை போதும்: வேறு நோய் இருந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு தாழும். அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்கக் கூடாது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவும் சேர்ந்து வேண்டும்.

மாட்டுக்கு

மாட்டுத் தோலில் கட்டி கட்டியாக எழும்பி, காய்ச்சலோடு பால் வற்றினால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது தோல் கழலை நோய். இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் பதிவானது, 2022இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஏராளமான மாடுகளைக் கொண்டுபோனது. வைரஸ் என்பதால் சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. கட்டியின் பொருக்கை எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள். உலர்ந்த பொருக்கிலும் இந்த வைரஸ் வாரக்கணக்கில் தாங்கும் என்பதால் மாதிரி எடுக்க அவகாசம் உண்டு. ஹெர்பீஸ் வகை வைரஸ் ஒன்றும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் கட்டி எழுப்பும். ஆனால் அது மேலோட்டமானது, தானே ஆறிவிடும். ஊர் முழுக்கத் தடுப்பூசி, சந்தைக்கு மாடு போகத் தடை என்று முடிவெடுக்கும் முன் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். தோல் கழலை நோய் மனிதருக்குத் தொற்றாது.

ஒட்டுண்ணியும் பூஞ்சையும் மாட்டுக்கும் நாயைப் போலவேதான்: சுரண்டல், முடி, கல்ச்சர். ஆனால் கன்றுகளின் ட்ரைக்கோஃபைட்டான் மெதுவாகத்தான் வளரும், 37 டிகிரி வெப்பமும் தனிச் சத்தும் கேட்கும். ஆய்வகத்துக்கு அனுப்பும் உறையில் ‘மாட்டுக்கன்று’ என்று எழுத மறந்தால், அவர்கள் வழக்கமான வெப்பத்தில் வைத்துவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று அனுப்பிவிடுவார்கள்.

பரிசோதனைக்குக் கூட்டி வருமுன் இரண்டு மூன்று நாள் நாயைக் குளிப்பாட்ட வேண்டாம், மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுவருவார்கள். நாங்கள் தேடி வந்ததெல்லாம் குளியலறைச் சாக்கடையில் போயிருக்கும். இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டைகளை, காலியானவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். “ஒரு வெள்ளை மாத்திரை, பாதி கொடுத்தோம்” என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டெமோடெக்ஸ் என்று தெரிந்து மருந்து ஆரம்பித்தவர்களுக்கு இன்னொன்று. இரண்டு மாதத்தில் முடி முளைத்து நாய் பளபளவென்று ஆகிவிடும், கிளினிக் பக்கம் வரவே தோன்றாது. முடி முளைத்தது பூச்சி போனதற்குச் சான்றல்ல. மாதம் ஒரு முறை அதே இடங்களில் சுரண்டி, ஸ்லைடில் உயிருள்ளது எத்தனை, செத்தது எத்தனை, முட்டை இருக்கிறதா என்று எண்ணுவோம். ஒரு மாத இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஒன்றுமே இல்லை என்று வந்த பிறகே மருந்தை நிறுத்துவோம். அந்தக் கடைசிச் சுரண்டலிலும் கொஞ்சம் ரத்தம் வரும்.